சைவப் பூனை!

ராத்திரி இரண்டேகால் மணி. கனவில் ஒரு கம்பெனிக்கு பாலன்ஸ் ஷீட் போட்டுக்கொண்டிருந்தேன். (பி.காம். படித்தவன் கனவில் நடிகைகள் வர மாட்டார்கள்!) அம்மா தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எய்யா, எந்திரி... மீனுவுக்கு என்னமோ பண்ணுது. ஒண்ணுக்கு இருக்க உக்காருது... எந்திரிக்குது... மறுபடியும் உக்காருது. ஒரு சொட்டு வரலை. அழுவுது."

"சூடு பிடிச்சிருக்கும்மா. காலைல பாத்துக்கலாம்" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

அந்த ஒரு வரிக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டால் 'காலைல பாத்துக்கலாம்' என்ற பேச்சே கிடையாது. ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். எனக்கு அது தெரியாது. முக்கால் மணி நேரம் தூங்கினேன். மூன்று மணிக்கு மீனு ஒரு சத்தம் போட்டது பாருங்கள், பச்சைக் குழந்தை வீறிட்ட மாதிரி... அதற்கப்புறம் எங்கள் அபார்ட்மென்ட்டில் யாருமே தூங்கவில்லை.

பிளாஸ்டிக் கூடையில் அதைப் போட்டு, மேலே துண்டைக் கட்டிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினேன். ஒரே ஒரு ஆட்டோ நின்றது.

"கூடைல என்னா சார்?"

"பூனை."

"நாயா இருந்தாக்கூடப் பரவால்ல சார். மொத சவாரியே பூனைன்னா..." என்று தலையைச் சொறிந்தார் டிரைவர். நூறு ரூபாய் சேர்த்துத் தருகிறேன் என்றதும் சகுனத் தடை உடனே நீங்கிவிட்டது.

மீனாட்சி மீனு ஆன கதை

விஷயத்துக்குப் போவதற்கு முன் மீனுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். சொதியும் கூட்டாஞ்சோறும் மணக்கும் சுத்த சைவ வீடு. ஆம்லெட் என்ற வார்த்தையைச் சொன்னாலே அம்மா வாயைக் கொப்பளிக்கச் சொல்வாள். அப்பா காலமானதும் அம்மாவைச் சென்னைக்கு அழைத்து வந்துவிட்டேன். காலையில் எட்டு மணிக்கு நான் கிளம்பினால் ராத்திரி எட்டுக்குத்தான் திரும்புவேன். அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் அம்மாவுக்குச் சுவர்தான் துணை.

ஒரு மழைநாளில், மாடிப்படிக்குக் கீழே நனைந்து கிடந்தது ஓர் உள்ளங்கை அளவு பூனைக்குட்டி. மறுநாள் அதற்கு மீனாட்சி என்று பெயர் வைத்தாயிற்று. எட்டாவது மாசம் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குத் தூக்கிக்கொண்டு போனபோதுதான், "சார், உங்க மீனாட்சி ஆம்பளை" என்றார் டாக்டர். அம்மா அசரவில்லை. "அதனால என்ன? மீனுன்னு கூப்பிட்டா ரெண்டுக்கும் பொருந்தும்" என்றாள்.

பெயரில் மட்டும்தான் மீன் இருந்தது. தட்டில் தயிர்சாதம்!

நான் இல்லாத நேரமெல்லாம் அம்மா அதனோடுதான் பேசுவாள். என்ன குழம்பு வைப்பது என்பது முதல், எனக்கு எந்த ஜாதகம் பொருந்தும் என்பது வரை எல்லாம் மீனுவோடுதான் ஆலோசனை. அதனால் அந்த அதிகாலை ஆட்டோவில் போனபோது கூடைக்குள் இருந்தது வெறும் பூனை இல்லை. அம்மாவின் பகல் பொழுது.

"அது ஹோட்டலுக்குப் போய்ட்டு வந்திருக்கு!"

இருபத்துநாலு மணி நேர கிளினிக் அது. டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். மீனுவின் அடிவயிற்றை ஒரு தரம் தொட்டுப் பார்த்தார். "மூத்திரப்பை கல்லு மாதிரி இருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சு வந்திருந்தீங்கன்னா கஷ்டம்" என்றபடியே மயக்க ஊசியை எடுத்தார். மெல்லிய குழாயைச் செருகி, அடைப்பை நீக்கி, வெளியே வந்து கை துடைக்கும்போது மணி ஐந்து.

"பொழைச்சிடும். மூணு நாள் இங்கேயே இருக்கணும். என்ன சாப்பாடு குடுக்கறீங்க?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இது எனக்குப் பிடித்த கேள்வி.

"டாக்டர், எங்க மீனு சுத்த சைவம்! காலைல பால். மத்தியானம் தயிர்சாதம். சாயங்காலம் பிஸ்கட். ராத்திரி இட்லின்னா இட்லி, தோசைன்னா தோசை. நடுவுல கடைல லூஸ்ல விக்கிற உருண்டைத் தீனி."

டாக்டர் என்னையே பார்த்தார். நேர்மையான ஆள் என்று நினைத்து எழுதிக் கொடுத்த வரவு செலவில் ஏகப்பட்ட ஓட்டை இருந்தால் ஆடிட்டர் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"பல்லி, கரப்பான் பூச்சி பிடிக்குமா?"

"பிடிக்கும் டாக்டர். சும்மா விளையாட்டுக்கு."

"விளையாட்டுக்கு இல்ல சார். அதான் அதோட நிஜமான சாப்பாடு. உங்களுக்குத் தெரியாம அது ஹோட்டலுக்குப் போய்ட்டு வந்திருக்கு. அதனாலதான் இவ்வளவு நாள் தாக்குப் பிடிச்சிருக்கு."

எனக்குச் சுரீர் என்றது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

"அப்ப தயிர்சாதத்தாலதான் அடைச்சுக்கிச்சா டாக்டர்?"

"அப்படி ஒண்ணைக் கைகாட்டிச் சொல்ல முடியாது. தண்ணி பத்தலை. எடை ஏறியிருக்கு, ஆறு கிலோ! நாலு, நாலரை இருந்தா போதும். வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடக்கு. பூனைக்கு டென்ஷனாலகூட இது வரும். ஆண் பூனைக்கு அந்தக் குழாய் ரொம்பக் குறுகல். எல்லாம் சேர்ந்து அடைச்சிருச்சு. ஆனா சாப்பாட்டை மாத்தலைன்னா மறுபடியும் வருவீங்க."

கையோடு ரத்தம் எடுத்து எல்லாவற்றையும் பரிசோதித்தார்கள். பில்லைப் பார்த்து எனக்கு மயக்கம் வந்தது தனிக் கதை. அந்த மூன்று நாளும் ஆபீஸ் முடிந்து நேராகக் கிளினிக்குக்குப் போய், டாக்டரை நச்சரித்து நச்சரித்துத் தெரிந்துகொண்டதையும், அப்புறம் நானே தேடிப் படித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் பூனை வைத்திருக்கும் சைவ நண்பர்கள் தயவுசெய்து படிக்கவும். அசைவ நண்பர்களும் நழுவ வேண்டாம், உங்களுக்கும் உண்டு!

பூனை சைவமாக முடியாதா?

நாய் நம்மோடு சேர்ந்து சோறு தின்று பழகிவிட்ட பிராணி. பூனை அப்படி இல்லை. அது இறைச்சியை மட்டுமே நம்பிப் படைக்கப்பட்ட உடம்பு. நாம் காரட் சாப்பிட்டால் அதிலுள்ள சத்தை வைட்டமின் 'ஏ'யாக நம் உடம்பே மாற்றிக்கொள்ளும். பூனைக்கு அந்த மிஷின் கிடையாது. ரெடிமேடாக இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும்.

அடுத்து, டாரின் என்று ஒரு சத்து. 1827-ல் ஜெர்மானிய விஞ்ஞானிகள் மாட்டின் பித்தநீரிலிருந்து பிரித்தெடுத்தார்கள். லத்தீனில் 'டாரஸ்' என்றால் காளை, அதனால் இந்தப் பெயர். நம் உடம்பு இதைத் தானே தயாரித்துக்கொள்ளும். பூனையால் தேவையான அளவு தயாரிக்க முடியாது. இறைச்சியிலும் மீனிலும் தாராளமாக உண்டு. அரிசியில் கிடையாது, பருப்பில் கிடையாது. பாலில் இருப்பதும் பூனைக்குக் காணாது.

1975-ல் அமெரிக்காவில் ஒரு ஆராய்ச்சி வெளிவந்தது. கேசின் என்ற பால் புரதத்தை வைத்தே வளர்க்கப்பட்ட பூனைகளுக்கு விழித்திரை கெட்டுப் பார்வை போனது. காரணம், டாரின் பற்றாக்குறை! இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் மீனுவுக்குக் கொடுத்த புரதத்தில் பாதிக்கு மேல் பாலும் தயிரும்தான்.

இத்தோடு முடியவில்லை. 1987-ல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பியான் என்ற கால்நடை மருத்துவர் இன்னொன்றைக் கண்டுபிடித்தார். பெரிய கம்பெனித் தீனி தின்ற பூனைகளே இதயம் வீங்கி, துடிப்பு பலவீனமாகிச் செத்துக்கொண்டிருந்தன. ரத்தத்தைப் பார்த்தால் டாரின் குறைவு. டாரின் கொடுத்ததும் பல பூனைகள் தேறின. அதற்குப் பிறகுதான் கம்பெனிகள் தீனியில் டாரின் அளவைக் கூட்டின. ஆக, விவரம் தெரிந்த கம்பெனிகளே கோட்டைவிட்ட கணக்கு இது. தயிர்சாதம் பிசைந்துபோட்ட நான் எம்மாத்திரம்!

"டாரினைத் தனியா மாத்திரையா போட்டுட்டு, தயிர்சாதமே குடுக்கலாமா டாக்டர்?" என்று கேட்டேன். (செலவு மிச்சமாகுமா என்றுதான்.)

"டாரின் ஃபாக்டரியிலேயே தயாராகுது. ஆனா பூனைக்கு வேணுங்கறது அது ஒண்ணு மட்டுமா? புரதம், கொழுப்பு, வைட்டமின்னு ஒரு லிஸ்டே இருக்கு. வீட்டு சைவச் சமையலை வெச்சு அந்த லிஸ்டை உங்களால நிரப்ப முடியாது" என்றார்.

பாலும் பிஸ்கட்டும்

பூனைக்குப் பால் என்பது நம் ரத்தத்தில் ஊறிய நம்பிக்கை. தெனாலிராமன் கதையிலேயே பூனைக்குப் பால் ஊற்றுவதற்கென்று அரசர் பசுமாடு கொடுக்கிறார். சூடான பாலில் வாயைச் சுட்டுக்கொண்டு, அப்புறம் பாலைக் கண்டாலே ஓடிய தெனாலிராமன் பூனை ஒருவகையில் அதிர்ஷ்டசாலி! வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை ஜீரணமாகாது. வயிற்றைப் பிய்த்துக்கொண்டு போகும். தாயில்லாக் குட்டிக்கும் பசும்பால் போதாது. குட்டிக்கென்றே பால் பவுடர் விற்கிறது.

பிஸ்கட் சமாசாரம் இன்னும் தமாஷ். பூனைக்கு இனிப்பே தெரியாது! இனிப்பை உணரும் ஜீன் பூனைக் குடும்பத்தில் கெட்டுப்போயிருப்பதை 2005-ல் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள மோனெல் ஆராய்ச்சி மையம் கண்டுபிடித்துச் சொன்னது. பூனை மட்டுமில்லை, புலிக்கும் அப்படித்தான். ஆக, இரண்டு வருஷமாக அம்மா ஆசையாக ஊட்டிய பால் பிஸ்கட்டின் இனிப்பு, மீனுவுக்கு மைதா மாவாகத்தான் தெரிந்திருக்கும்.

தண்ணீர்க் கதையையும் கேளுங்கள். பூனையின் மூதாதை பாலைவனப் பக்கத்துக் காட்டுப்பூனை. அதற்குத் தண்ணீர் தேடிப் போகும் பழக்கம் குறைவு. எலியின் உடம்பில் எழுபது சதவீதம் தண்ணீர்தான், அதிலேயே தாகம் தீர்ந்துவிடும். அந்த வம்சத்தில் வந்ததைக் கொண்டுவந்து காய்ந்த உருண்டையைப் போட்டால், உலர் தீனியில் பத்து சதவீதம்தான் ஈரம், குறைந்த தண்ணீரை அது தேடிப் போய்க் குடித்து ஈடுகட்டுவதில்லை. சிறுநீர் கெட்டியாகிறது. மீனு மாதிரி ஆசாமிகள் அதிகாலையில் ஆட்டோ ஏறுகிறார்கள்.

காமர்ஸ் படித்தவனுக்கு ஒரு வேலை

மூன்றாம் நாள் மீனு டிஸ்சார்ஜ். முதல் சில வாரங்களுக்கு டாக்டரே இந்தக் கோளாறுக்கென்று தயாரான தீனியை எழுதிக் கொடுத்தார். அதற்கப்புறம் நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் காரியமாக, லூஸ் தீனி வாங்கிய கடைக்குப் போனேன்.

"இது நாய்க்கா, பூனைக்கா?"

"நாய்க்குத்தான் சார் வருது. ரெண்டும் ஒண்ணுதான்."

ஒன்றில்லை! அமெரிக்காவில் தீனிக்குத் தரம் வகுக்கும் அதிகாரிகள் சங்கத்தின் கணக்குப்படி, தண்ணீரைக் கழித்துப் பார்த்தால் வளர்ந்த நாயின் தீனியில் குறைந்தது 18 சதவீதம் புரதம் இருந்தால் போதும். பூனைக்கு 26 வேண்டும். நாய்த் தீனியில் டாரின் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. என் மூளை விழித்துக்கொண்டது. பெட் ஷாப்பில் ஒரு மணி நேரம் நின்று பாக்கெட் பாக்கெட்டாகப் படித்தேன். கடைப் பையன் என்னை ஃபுட் இன்ஸ்பெக்டர் என்று நினைத்து டீ வாங்கிக் கொடுத்தான்.

ஒரு பாக்கெட் உலர் தீனியில் புரதம் 32 சதவீதம் என்று போட்டிருக்கிறது. பக்கத்தில் க்ரேவி பாக்கெட்டில் வெறும் 10. எதை வாங்குவீர்கள்? 32-ஐத்தானே? நானும் அதைத்தான் எடுத்தேன். பிறகுதான் பொறி தட்டியது. மொத்த வருமானத்தை ஒப்பிடக் கூடாது ஸார், பிடித்தம் போக நிகர வருமானத்தைத்தான் ஒப்பிட வேண்டும்! இங்கே பிடித்தம் என்பது தண்ணீர். உலர் தீனியில் 10 சதவீதம் ஈரம். மீதி 90-ல் 32 என்றால் சுமார் 35 சதவீதம். க்ரேவியில் 80 சதவீதம் ஈரம். மீதி 20-ல் 10 என்றால் ஐம்பது சதவீதம்! நிகரப் புரதத்தில் ஜெயித்தது க்ரேவி. கூடவே 80 கிராம் பாக்கெட்டில் 64 கிராம் தண்ணீர் இலவசம். மூத்திரக் கோளாறு வந்த பூனைக்கு அந்தத் தண்ணீர்தான் மருந்து.

ஆனால் க்ரேவி மட்டுமே கொடுத்தால் மாசம் பிறந்து இருபதாம் தேதி என் பர்ஸ் காலி. டாக்டரிடம் கேட்டு ஒரு சமரசம் செய்துகொண்டேன். இரண்டு வேளை க்ரேவி, கூடவே கொஞ்சம் தண்ணீர் கலந்து. ஒரு வேளை நல்ல உலர் தீனி, அளந்து.

பாக்கெட்டில் இன்னொன்றும் பாருங்கள். 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்று போட்டிருந்தால் அது முழுச் சாப்பாடு. எந்த வயதுப் பூனைக்கு என்றும் எழுதியிருக்கும். 'காம்ப்ளிமென்டரி' என்றால் ஊறுகாய் மாதிரி, தொட்டுக்கொள்ள மட்டும். ஊறுகாயை மட்டுமே சாப்பிட்டு யாரும் உயிர் வாழ முடியாது. படத்தில் இருக்கும் பளபளப்பான பூனையைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது மாடலிங் பண்ணுகிற பூனை!

மீன் மார்க்கெட்டில் ஒரு சைவர்

என் ஆபீஸ் நண்பர் ஒருவர் பரம்பரை அசைவர். "எதுக்குய்யா பாக்கெட்டு? சிந்தாதிரிப்பேட்டைல மத்தி வாங்கி அப்படியே போடு, பூனை சிங்கமாயிடும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை மீன் மார்க்கெட்டுக்கு அவர் பின்னாலேயே போனேன். மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, "இதுல சின்னதா, முள்ளில்லாம, வாசனை கம்மியா ஏதாச்சும் இருக்காம்மா?" என்று கேட்டேன். மீன்காரம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அது கத்திரிக்காதான் கண்ணு. அடுத்த தெருவுல கிடைக்கும்!"

வாங்காமலேயே திரும்பினேன். நல்லதாகப் போயிற்று. பச்சை மீனை 'அப்படியே' போடக் கூடாதாம். சிலவகை மீன்களில் இருக்கும் ஒரு நொதி வைட்டமின் பி-1-ஐ அழித்துவிடும். நாள்பட இதே சாப்பாடு என்றால் பூனைக்குத் தலை சாயும், தள்ளாடும், வலிப்புகூட வரும். வேகவைத்தால் அந்த நொதி செத்துவிடும். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்து, முள் நீக்கி, எப்போதாவது கொடுக்கலாம். தினமும் மீன் மட்டுமே என்பதும் தப்பு.

இன்னொரு நண்பர், "நான் வேகவெச்ச சிக்கன் மட்டும்தான் போடறேன்" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அதிலும் ஓட்டை! வெறும் கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் சொற்பம். காட்டில் பூனை எலியை எலும்போடு தின்கிறது, கணக்கு சரியாகிவிடுகிறது. நம் வீட்டில் எலும்பைப் பொறுக்கிவிட்டுச் சதையை மட்டும் போட்டால் குட்டிகளுக்கு எலும்பு வலுவில்லாமல் போகும். அதற்காக வேகவைத்த எலும்பைப் போட்டுவிடாதீர்கள், சிலாம்பு சிலாம்பாக உடைந்து குடலைக் குத்தும். ஈரலும் தினம் கூடாது, வைட்டமின் 'ஏ' அளவுமீறிச் சேர்ந்து எலும்பைக் கெடுக்கும். வீட்டிலேயே சமைக்க ஆசையென்றால் கால்நடை மருத்துவரிடம் உட்கார்ந்து எது எத்தனை கிராம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அம்மாவின் தீர்ப்பு

இதெல்லாம் சரி. இந்தக் க்ரேவி பாக்கெட்டை வீட்டுக்குள் எப்படிக் கொண்டுவருவது? நான் பயந்தது அதற்குத்தான்.

எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். கண் போவது, இதயம் வீங்குவது எல்லாம். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. மடியில் மீனு. முன்னங்காலில் ஊசி போட்ட இடத்தில் முடியைச் சிரைத்திருந்தார்கள். அதைத் தடவிக்கொண்டே கேட்டாள்:

"அப்ப நான்தான் அதைக் கொல்லப் பாத்தனா?"

"இல்லம்மா. டாக்டரே சொன்னாங்க, எல்லாம் சேர்ந்துதான்னு."

"பசிக்கு சோறு போட்டேன்னு நெனச்சேன். அதுக்கு அது சோறே இல்லியே!"

அன்று ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. காலையில் காபி கொடுத்தபோது தீர்ப்புச் சொன்னாள். "அது வயித்துக்கு பகவான் எதை விதிச்சிருக்கானோ அதையே போடு. மாட்டுக்குப் புல்லு, எனக்கு சோறு, அதுக்குக் கறி. ஆனா எய்யா, என் அடுப்பும் என் பாத்திரமும் வேண்டாம். பால்கனியில வெச்சுக்கோ. கழுவறது நீ."

அன்றிலிருந்து மீனுவுக்குத் தனித் தட்டு, தனி ஸ்பூன், தனி ஸ்பாஞ்ச். பால்கனியில் தனிக்குடித்தனம்!

ஆனால் மீனு லேசில் மசியவில்லை. புதுத் தீனியை முகர்ந்து பார்த்துவிட்டு, தட்டை மூடுவது மாதிரி தரையைப் பிறாண்டிவிட்டுப் போய்விட்டது. "பசிச்சாத் தானா திங்கும். ரெண்டு நாள் பட்டினி போடு" என்று வாட்ஸ்அப் வைத்தியர்கள் படையெடுத்தார்கள். நல்லவேளையாக டாக்டருக்கு போன் செய்தேன். "ஐயோ, வேண்டவே வேண்டாம்!" என்றார். பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால், அதுவும் குண்டுப் பூனையென்றால், உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். பழைய சாப்பாட்டில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஏழெட்டு நாளில் மாற்ற வேண்டும். க்ரேவியை வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தால் மணம் கூடும். அப்படித்தான் மீனு வழிக்கு வந்தது. பத்தாவது நாள் தட்டை நக்கிய நக்கலில், எனக்குக் கழுவும் வேலையே மிச்சம்.

அப்புறம் மார்ச் மாசம் வந்தது. இயர் எண்டிங். ஒருநாள் ஆபீஸில் இருந்து கிளம்பும்போதே மணி பத்து. செல்போனில் சார்ஜ் இல்லை. மீனு ராத்திரி சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டதே என்று அடித்துப் பிடித்து ஓடி வந்தேன். கதவைத் திறந்தால், மூக்கைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு, கொள்ளைக்காரி வேஷத்தில் அம்மா! ஒரு கையில் கத்தரிக்கோல். இன்னொரு கையில் இடுக்கி. இடுக்கியின் நுனியில் காலி க்ரேவி பாக்கெட். பால்கனியில் மீனு சப்புக்கொட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது?"

"வாயில்லாச் சீவன் எத்தனை மணிக்குத்தான் காத்திருக்கும்? நாலு முழுக்குப் போட்டா சரியாப் போச்சு."

எனக்குத் தொண்டையை அடைத்தது. அப்போதுதான் நினைத்தேன், இவளிடம் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று. டாக்டர் அன்று 'ஹோட்டலுக்குப் போய்ட்டு வந்திருக்கு' என்றபோது எனக்கு ஏன் சுரீர் என்றது தெரியுமா? சம்பள நாளில் ஆபீஸ் நண்பர்களோடு சிக்கன் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, பீடா போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி வீட்டுக்கு வந்து ரசம் சாதம் சாப்பிடுகிற பேர்வழி நான். ஆறு வருஷமாக! அசைவம் இல்லாமலும் நன்றாக வாழக்கூடிய உடம்பு எனக்கு. நான் வெளியே வெட்டினேன். அது இல்லாமல் வாழ முடியாத மீனுவுக்குத் தயிர்சாதம் போட்டு, 'சுத்த சைவம்' என்று ஊரெல்லாம் பெருமை அடித்தேன். வீட்டில் சைவப் பூனை ஒன்று இருந்தது உண்மை. அது மீனு இல்லை!

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

அம்மா துண்டை அவிழ்த்துக்கொண்டே குளியலறைப் பக்கம் நடந்தாள்.

"ஒண்ணாந்தேதியானா பீடாவும் ஏலக்காயுமா வாய் மணக்குமே, அதைத்தானே சொல்லப்போறே? போய்யா... போய் மீனு தட்டைக் கழுவு!"

மீனுவின் கணக்குப் புத்தகத்திலிருந்து...

வரவு:

* வளர்ந்த, ஆபரேஷன் செய்த, நான்கு கிலோ வீட்டுப் பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி போதும். ஒரு எலியில் சுமார் 30 கலோரி. அதனால் சிறிது சிறிதாக, பல வேளையாகக் கொடுப்பதுதான் அதன் வழக்கத்துக்குப் பொருத்தம்.
* சாப்பாட்டில் உள்ளதையும் சேர்த்து ஒரு நாளைக்குச் சுமார் 200 மில்லி தண்ணீர் போக வேண்டும். அகலமான கிண்ணத்தில், தட்டுக்குப் பக்கத்தில் இல்லாமல், இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள்.
* மாதம் ஒருமுறை எடை பாருங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு மிஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் போதும்.

பற்று (கொடுக்கவே கூடாதவை):

* வெங்காயம், பூண்டு. சாம்பாரில் கரைந்திருந்தாலும் ரத்தத்தின் சிவப்பணுக்களை அழிக்கும்.
* சாக்லேட்.
* காய்ச்சல் என்று நாமாகப் போடும் பாரசிட்டமால். ஒரே மாத்திரை பூனையின் உயிரைக் குடித்துவிடும்.

அவசரச் செலவு:

* ஆண் பூனை திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்குகிறது, சிறுநீர் வரவில்லை, கத்துகிறது என்றால், மணி என்னவானாலும் உடனே டாக்டரிடம் ஓடுங்கள். ஆட்டோவுக்கு நூறு ரூபாய் அதிகமானாலும் பரவாயில்லை.